பருத்திப் பால் முதல் துபாய்ப் பெட்டி வரை: மரபணு மாற்ற உணவைக் கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக எனக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பதினாறு வருஷமாகப் பாக்கெட் விற்கிறேன், கடைசி ஆறேழு வருஷமாகத்தான் அதன் பின்பக்கத்தைப் படிக்கிறேன். "அண்ணே, விதையில்லாத திராட்சை ஜி.எம்.தானே?", "வன்னாமி இறால் மரபணு மாத்தினதாமே?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஜி.எம். என்றாலும் மரபணு மாற்றம் என்றாலும் ஒன்றுதான், இந்த இரண்டுமே அப்படி இல்லை. ஆனால் கேட்டவர் கையில் பிடித்திருக்கிற மிக்சர் பாக்கெட்டில் பருத்திவிதை எண்ணெய் இருக்கும், வீட்டுக்கு எடுத்துப்போகிற சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலோ பிரேசிலிலோ விளைந்து கப்பலில் வந்ததாக இருக்கும். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் புதிதாக அக்கறைப்படத் தொடங்கியவர்களுக்காக, எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்று வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு பொருள் பாதுகாப்பானதா என்பது ஒரு கேள்வி, அது என் தட்டில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆய்வகம் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு விற்கிறவர் பதில் சொல்ல வேண்டும். "பாதுகாப்பானதுதான், அப்புறம் எதற்கு லேபிள்?" என்று கேட்பவர்களும் சரி, "லேபிள் ஒட்டினாலே விஷம்" என்று பயப்படுகிறவர்களும் சரி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. முதலில், எது மரபணு மாற்றம், எது இல்லை

ஒரு உயிரிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் இன்னொரு உயிருக்குள் வைப்பதைத்தான் பொதுவாக இப்படிச் சொல்கிறோம். பி.டி. பருத்தி நல்ல உதாரணம். மண்ணில் வாழ்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தார்கள், செடியே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது, அதைத் தின்கிற காய்ப்புழு சாகிறது.

வீரிய ஒட்டு ரகம் இதில் சேராது. விதையில்லாத திராட்சை, ரெட் லேடி பப்பாளி, அரியமான் கடற்கரையில் சுட்டு விற்கிற ஸ்வீட் கார்ன், பிராய்லர் கோழி எல்லாம் ஒட்டுச் சேர்த்தும் தேர்ந்தெடுத்து வளர்த்தும் வந்தவை. வன்னாமி பசிபிக் கடலோர இறால், இந்தியாவில் 2009இல் வளர்க்க அனுமதித்தார்கள், நோயில்லாத தாய் இறாலாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள், அவ்வளவுதான். நம் பெண்கள் மண்டபம் பக்கம் மிதவையில் கட்டி வளர்க்கிற கட்டுப்பாசி என்ற கடற்பாசியும் அப்படித்தான். அது வெளிநாட்டிலிருந்து வந்தது, குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்தது என்ற கவலை உண்மையானது, ஆனால் அது வேறு வழக்கு. வெளியிலிருந்து வந்த இனம் என்பதற்காக மரபணு மாற்றியது என்று சொல்லிவிடக் கூடாது.

மீனில் உலகத்திலேயே கடைக்கு வந்த மரபணு மாற்ற ரகம் என்று பெரிதாகப் பேசப்பட்டது ஒரு சால்மன். அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது, அந்த நிறுவனமும் 2024 கடைசியில் வளர்ப்பை நிறுத்திவிட்டது. நம் கரையில் ஏலம் போகிற எந்த மீனிலும், காயப்போட்ட எந்தக் கருவாட்டிலும் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் 8 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் இருந்தால் ஜி.எம். என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படி ஒரு எண் ஒதுக்கி வைத்தார்கள் என்பது நிஜம், ஆனால் கடைகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை. அதை நம்பிப் பழம் பொறுக்காதீர்கள்.

2. இந்தியாவில் எது விளைகிறது, எது நுழைகிறது

வயலில் வணிகமாக விளைவிக்க அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பயிர் பருத்தி மட்டும்தான், 2002இலிருந்து. பி.டி. கத்தரிக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் குழு 2009 அக்டோபர் 14 அன்று பச்சைக்கொடி காட்டியது, அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்களைக் கூட்டிக் கேட்டுவிட்டு 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்தத் தடை இன்னும் அப்படியே இருக்கிறது. பக்கத்து நாடான வங்கதேசத்தில் 2013இலேயே அனுமதித்துவிட்டார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் குழு பரிந்துரை செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 2024 ஜூலை 23 அன்று இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றாக நின்றார்கள்: மரபணு மாற்ற எண்ணெய் இறக்குமதி செய்யும்போது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிற பொட்டல, லேபிள் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றார்கள். கடுகை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

வெளியிலிருந்து வருவதில் பெரியது சோயா எண்ணெய், 2007இலிருந்து அனுமதி. 2021இல் கோழித் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கு இறக்கவும் அனுமதித்தார்கள். பயிராகவே வருகிற சரக்குக்கு வேறு விதி: அரிசி, கோதுமை, மக்காச்சோளம், சோயா, தக்காளி, பப்பாளி என்று 24 பயிர்களின் பட்டியல் போட்டு, மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழோடுதான் வர வேண்டும், தவறிக் கலந்தாலும் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2021 மார்ச் 1 முதல் நடைமுறை. இது மூட்டையில் வருகிற தானியத்துக்கு. அதையே அரைத்து, பொரித்து, பாக்கெட்டில் அடைத்துக் கொண்டுவந்தால் இந்தப் பட்டியல் தொடாது, அந்த ஓட்டை வழியாகத்தான் பல சரக்கு நுழைகிறது. டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவுப் பொருள்களைக் கடைகளில் வாங்கிச் சோதித்தபோது 32 சதவீதத்தில் மரபணு மாற்றம் தெரிந்தது, அதில் பெரும்பகுதி இறக்குமதி.

3. பாக்கெட்டைத் திருப்பி மூன்று கேள்வி கேளுங்கள்

பொட்டலத்தின் முகப்பில் மேலே "ஜி.எம்." என்று ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதியில் 2013 ஜனவரி 1 முதல் சொல்லியிருக்கிறது. நான் விற்ற எந்தப் பாக்கெட்டிலும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததில்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 நவம்பரிலும், திருத்தி 2022 நவம்பரிலும் தனியாக வரைவு விதிகள் கொண்டுவந்தது, 1 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முன்பக்கம் எழுத வேண்டும் என்று. வரைவை நம்பிக் கடையில் நிற்க முடியாது. ஆகவே "எழுதவில்லை, அதனால் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். நீங்களே படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது ஒன்றும் கஷ்டமில்லை.

முதல் கேள்வி: இதில் என்ன இருக்கிறது? மூலப்பொருள் பட்டியலில் எடையில் அதிகமானது முதலில் வரும். உலகச் சந்தையில் மரபணு மாற்ற ரகம் பெரிய அளவில் புழங்குவது மக்காச்சோளம், சோயா, பருத்தி, கனோலா என்ற கடுகு இன எண்ணெய்வித்து, சர்க்கரை எடுக்கிற சுகர் பீட் கிழங்கு, இவ்வளவுதான். மக்காச்சோளம் சோள மாவு, டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், கார்ன் சிரப் என்ற பெயர்களில் வரும். சோயா லெசித்தின் என்றால் 322 என்ற எண், சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் அனேகமாக இருக்கும். (407 என்று பார்த்தால் பயப்படாதீர்கள், அது கராஜீனன், நம் கட்டுப்பாசியிலிருந்து எடுப்பது.) எழுத்து பொடியாக இருந்தால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: ஒவ்வாமைக்காக "கன்டெய்ன்ஸ்" என்று தனியாக ஒரு வரி போட வேண்டும் என்பது விதி. சோயா அந்தப் பட்டியலில் இருக்கிற பொருள், அதனால் அந்த ஒரு வரியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், எண்ணெயாகச் சேர்த்த சோயா மட்டும் அதில் வராமல் போகலாம். எண்ணெயைச் சும்மா "தாவர எண்ணெய்" என்று போட்டால் போதாது, எந்த எண்ணெய் என்று அடைப்புக்குறிக்குள் பெயர் சொல்ல வேண்டும். அங்கே "காட்டன்சீட்" என்று இருக்கிறதா பாருங்கள், குறிப்பாகக் குஜராத் பக்கமிருந்து வருகிற சேவு, சிப்ஸ் வகைகளில்.

இரண்டாவது கேள்வி: எங்கே விளைந்தது? இதுதான் பாதி வேலையை முடிக்கும். இந்தியாவில் விளைந்த சோயா என்றால் மரபணு மாற்றம் இல்லை, ஏனென்றால் இங்கே அதற்கு அனுமதியே இல்லை. அதனால் மத்தியப் பிரதேச சோயாவில் செய்த மீல் மேக்கரைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்திய மக்காச்சோளம் அப்படியே. சர்க்கரை இங்கே கரும்பிலிருந்து, அதுவும் இல்லை. இறக்குமதிப் பாக்கெட் என்றால் எந்த நாடு என்று எழுதியிருக்கும், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு, அடுத்து 24 என்றால் தமிழ்நாடு.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு சுத்திகரித்தது? நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் அநேகமாகப் போய்விடும், கொழுப்பு மட்டும் மிஞ்சும். அதனால்தான் ஆய்வகத்திலும் எண்ணெயில் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐரோப்பாவில் எண்ணெயில் மிச்சம் எதுவும் தெரியாவிட்டாலும், மரபணு மாற்றப் பயிரிலிருந்து வந்தது என்றால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் மிச்சம் தெரியவில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஐரோப்பா வழிதான் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் நான் கேட்பது எண்ணெயில் என்ன மிஞ்சியது என்று மட்டும் இல்லை, அது எந்த வயலிலிருந்து வந்தது என்றும்தான்.

முழுக்கத் தவிர்க்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் கரையில் கஷ்டமே இல்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, ரேஷன் பாமாயில், இதில் எதற்கும் மரபணு மாற்ற ரகம் சந்தையில் கிடையாது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குண்டு மிளகாய், பனங்கருப்பட்டி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து நெல், எல்லாம் அப்படியே. பாக்கெட் சாமான் என்றால் ஜைவிக் பாரத் முத்திரை பாருங்கள், இயற்கை விளைபொருள் சான்றிதழில் மரபணு மாற்றத்துக்கு இடமில்லை.

4. பருத்திப் பால் குடிப்பவர்களுக்கு

இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர் விஷயம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, துணியில் பிழிந்து, அந்தப் பாலைக் கொதிக்கவிட்டு, பச்சரிசி மாவு கரைத்து ஊற்றி, கருப்பட்டி, சுக்கு, ஏலம் தட்டிப்போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருகிறார்கள். இந்தியாவில் விளையும் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி. அதனால் கடையில் வாங்குகிற கொட்டை பி.டி.யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சுத்திகரித்த எண்ணெய் போல இல்லை இது, விதையே உள்ளே போகிறது.

அந்தப் பூச்சிகொல்லிப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில், அதற்கென்று இருக்கிற இடத்தில் ஒட்டித்தான் வேலை செய்கிறது. நம் வயிறு அமிலம், கொதிக்கவைத்தாலும் புரதம் சிதைந்துவிடும். அனுமதிக்கு முன்னால் பி.டி. பருத்தியின் விதையை ஆடு, பசு, எருமை, கோழி, மீன் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பருத்திக்கொட்டையில் காசிபோல் என்று ஒரு நஞ்சு இயல்பாகவே இருக்கிறது, அது நாட்டுப் பருத்தியிலும் உண்டு, அதற்கும் மரபணு மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. நான் பருத்திப் பால் குடிக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் வாங்கித் தருகிறேன். ஆனால் கொட்டை மூட்டையில் எந்த ரகம் என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பி.டி. வேண்டாம் என்பவர்கள் கருங்கண்ணி என்று கேட்டு வாங்குங்கள், கரிசலில் மானாவாரியாக விளைகிற நாட்டு ரகம், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விசாரித்தால் வைத்திருப்பவர்கள் கிடைப்பார்கள்.

5. வெளிநாட்டுப் பெட்டியைப் பிரிக்கும்போது

நம் கரையில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் துபாயிலோ சவுதியிலோ மலேசியாவிலோ இருக்கிறார். லீவில் வரும்போது கொண்டுவருகிற பெட்டியில் இருக்கும் சாமானுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஸ்டிக்கர் கிடையாது, அது இறக்குமதியே இல்லை, லக்கேஜ். தொண்டியிலிருந்து ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா) ஒரு கார்ன் ஃபிளேக்ஸ் அட்டையைக் கடைக்கே எடுத்து வந்தார். "தம்பி, பேத்திக்கு இறால் தொட்டாலே தடிக்குது. இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு." திருப்பிப் பார்த்தால் அமெரிக்கச் சரக்கு, ஓரத்தில் வட்டமாகப் பச்சை நிறத்தில் சூரியனும் வயலும் வரைந்த முத்திரை, "பயோஎன்ஜினீயர்டு" என்று சுற்றி எழுத்து. அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் அப்படிச் சொல்வது கட்டாயம், தவறிக் கலந்தது 5 சதவீதம் வரை என்றால் மட்டும் விலக்கு. ஐரோப்பாவில் தவறிக் கலந்தது 0.9 சதவீதத்தைத் தாண்டினாலே எழுத வேண்டும்.

ராத்தாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். சோளம் மரபணு மாற்றியது என்பது அந்த முத்திரைக்கு அர்த்தம், அதனால் பிள்ளைக்கு இறால் ஒவ்வாமை வரும் என்று அர்த்தம் இல்லை. அந்த முத்திரை நமக்கு ஒரு தகவல், எச்சரிக்கைப் பலகை இல்லை. ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது "கன்டெய்ன்ஸ்" வரியை. அதில் கோதுமையும் பாலும் மட்டும் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார், பேத்தி நன்றாகச் சாப்பிட்டாள்.

கடைக்கே வருகிற இறக்குமதிச் சரக்கில் வேறு மாதிரி அனுபவம். ஒரு விநியோகஸ்தர் போட்ட சோள சிப்ஸில் இறக்குமதி ஸ்டிக்கரைச் சரியாக மூலப்பொருள் பட்டியலின் மேலேயே ஒட்டியிருந்தது. ஒரு பாக்கெட்டில் வெந்நீர்த் துணி வைத்து மெதுவாக உரித்தேன். அடியில் அதே "பயோஎன்ஜினீயர்டு" வார்த்தை, மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் அது இல்லை. மொத்தச் சரக்கையும் பில்லோடு திருப்பி அனுப்பினேன். நீங்கள் வாங்கும்போதும் ஸ்டிக்கர் எதை மறைக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

6. பாதுகாப்புச் சோதனை என்றால் என்ன செய்கிறார்கள்

"சோதிச்சாச்சு" என்று ஒருவர் சொன்னால் எதைச் சோதித்தார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008இல் இதற்கு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது, அது பெரும்பாலும் கோடெக்ஸ் என்ற உலக உணவுத்தர அமைப்பின் 2003ஆம் வருஷ முறையை ஒட்டியது.

முதலில் மாற்றிய பயிரையும் மாற்றாத அதே பயிரையும் பக்கத்தில் வைத்து மாவுச்சத்து, புரதம், விட்டமின், இயற்கையாக இருக்கும் நஞ்சு எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். அப்புறம் புதிதாக வந்த புரதம் ஒவ்வாமை தருகிற எந்தப் புரதத்தையாவது ஒத்திருக்கிறதா என்று கணினியில் தேடுவார்கள். அதை வயிற்று அமிலம் போன்ற கரைசலில் பெப்சின் என்ற செரிமான நொதியைச் சேர்த்துப் போட்டு எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பார்ப்பார்கள், ஏனென்றால் கரையாமல் நிற்கிற புரதம்தான் பெரும்பாலும் ஒவ்வாமைக்குக் காரணம். பிறகு எலி: ஒரே தடவை அதிக அளவு கொடுத்து 14 நாள் கவனிப்பது, தினமும் உணவில் சேர்த்து 90 நாள் பார்ப்பது.

இது வேலை செய்கிறதா? செய்த கதை உண்டு. பிரேசில் நட் என்ற கொட்டையின் மரபணுவை சோயாவில் வைத்தார்கள், சத்து கூடும் என்று. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தச் சீரத்தை வைத்துச் சோதித்தபோது ஒவ்வாமைப் புரதமும் சேர்ந்து போயிருப்பது தெரிந்தது, 1996இல் முடிவு வெளிவந்தது, அந்த சோயா கடைக்கு வரவே இல்லை. கோட்டைவிட்ட கதையும் உண்டு. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் என்று அமெரிக்காவில் அனுமதித்தார்கள், ஒவ்வாமைச் சந்தேகம் தீராததால். 2000இல் அது மனிதர் சாப்பிடும் சோள அப்பளத்தில் கிடந்தது. ஆய்வகம் சரியாகத்தான் சந்தேகப்பட்டது, கிட்டங்கியிலும் லாரியிலும் பிரித்து வைக்கத் தவறினார்கள். வியாபாரியாக எனக்கு இந்தக் கதைதான் உறைத்தது. சோதனை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூட்டையில் என்ன என்று எழுதி வைக்காவிட்டால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

கட்டி கட்டியாக வீங்கிய எலியின் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அது பிரான்ஸைச் சேர்ந்த செராலினி குழுவின் 2012ஆம் வருஷ ஆய்வு. எடுத்துக்கொண்டது தானாகவே கட்டி வரக்கூடிய எலி இனம், ஒரு பிரிவுக்குப் பத்து எலிதான். 2013இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, 2014இல் வேறு இதழில் மறுபடி வந்தது. அந்தப் படத்தை அனுப்பி யாரையும் பயமுறுத்தாதீர்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 2016இல் பெரிய தொகுப்பு வெளியிட்டது, இப்போது சந்தையில் இருக்கிற மரபணு மாற்ற உணவால் மற்ற உணவை விடக் கூடுதல் ஆபத்து என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர், அது 1982இலிருந்து மரபணு மாற்றிய நுண்ணுயிரில்தான் தயாராகிறது.

அதற்காக எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், ஒன்று பாதுகாப்பு என்பதால் அடுத்ததும் பாதுகாப்பு ஆகிவிடாது. 90 நாள் எலியை வைத்து வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறவனுக்கு முழு உறுதி கொடுக்க முடியாது என்பது என் எண்ணம். விண்ணப்பம் போட்ட நிறுவனமே சோதனைக்கும் பணம் கொடுக்கிறது என்பதும், பி.டி. கத்தரியின் சோதனை விவரங்களை வெளியே கொண்டுவரத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதும் சரியில்லை. யார் செய்தார்கள், யார் பணம், முழு விவரம் எங்கே இருக்கிறது: இந்த மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது, நம் உவர் மண்ணுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. வறட்சியும் உப்பும் தாங்கும் என்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற நெல்லை 2025 மே 4 அன்று மத்திய அரசு அறிவித்தது. இதில் வெளி மரபணு எதையும் சேர்க்கவில்லை, நெல்லின் சொந்த மரபணுவில் ஒரு இடத்தை வெட்டித் திருத்தியிருக்கிறார்கள், மரபணுத் திருத்தம் என்கிறார்கள். 2022 மார்ச் 30 அன்று வந்த ஆணைப்படி இந்த வகைக்குப் பழைய கட்டுப்பாடுகளில் பலதிலிருந்து விலக்கு. திருவாடானை வயலில் அது வந்து நின்றால் பலன் கொடுக்கலாம், எனக்கு அதில் விரோதம் இல்லை. ஆனால் குழியடிச்சானும் நொறுங்கனும் விளைகிற ஊரில், எந்த நெல் எது என்று மூட்டையில் சொல்லிவிட்டு விற்கட்டும்.

7. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால்

பருத்திக்கொட்டைக்கு மட்டும் எளிய வழி இருக்கிறது. நாக்பூரிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் பி.டி. கண்டறியும் பட்டை உருவாக்கியது. கமுதிப் பக்கம் ஒரு விவசாயி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு விதையை நசுக்கிச் சின்னக் குப்பியில் போட்டு, கூடவே வருகிற திரவத்தை ஊற்றிக் குலுக்கி, காகிதப் பட்டையின் நுனியை அதில் நிறுத்தினார். ஈரம் மெதுவாக மேலே ஏறியது, சில நிமிஷத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரியேதான். ஒரு கோடு என்றால் பட்டை வேலை செய்கிறது, இரண்டு கோடு என்றால் பி.டி. பச்சை விதையில்தான் இது பார்க்க முடியும், காய்ச்சிய பருத்திப் பாலில் முக்கினால் புரதம் சிதைந்திருக்கும், சரியான முடிவு வராது.

மற்ற உணவுக்கு பி.சி.ஆர்., கொரோனாவுக்குச் செய்தார்களே அதே முறை. பெரும்பாலான மரபணு மாற்றப் பயிர்களில் மரபணுவை இயங்கவைக்க, காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் என்ற துண்டை வைத்திருப்பார்கள், அதைத்தான் முதலில் தேடுவார்கள். முட்டைக்கோசு, கடுகு வகை சேர்ந்த உணவில் அந்த வைரஸே இயற்கையாக இருந்தாலும் "இருக்கிறது" என்று காட்டிவிடும், அதனால் ஒரு சோதனையோடு நிறுத்தாமல் உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனையும் கேளுங்கள். எல்லா ஆய்வகத்திலும் இது கிடையாது. ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துத் தருகிற என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரத்தில் மரபணு மாற்றச் சோதனை சேர்ந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று ஃபோனில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சுத்திகரித்த எண்ணெயை அனுப்பிக் காசை வீணாக்காதீர்கள்.

அரசு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, பொருளை வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இதை மறந்தால் காரியம் கெட்டது. விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். நமக்குப் பக்கத்தில் மதுரையில் அரசு உணவு ஆய்வகம் இருக்கிறது.

8. புகார் எழுதும்போது

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம், மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322, நுகர்வோர் உதவி எண் 1915. "எங்கள் ஊர்க் கடையில் விஷம் விற்கிறார்கள்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. பொருளின் பெயர், பேட்ச் எண், உரிம எண், வாங்கிய தேதி, பில்லின் படம், பாக்கெட்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், ஸ்டிக்கர் மறைத்திருந்தால் அதன் கிட்டத்துப் படம், இவ்வளவும் இருந்தால் அவர்களால் மறுக்க முடியாது. ஒரே பேட்சில் இரண்டு பாக்கெட் வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். அலுவலர் மாதிரி எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும்.

புகாருக்கு முன்னால் தயாரிப்பாளரிடமே கேட்பது இன்னும் சுலபம். பாக்கெட்டில் இருக்கும் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு நான் அனுப்புவது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"உங்கள் இன்ன பொருளை இன்ன தேதியில் வாங்கினேன், பேட்ச் எண் இது. இதில் இருக்கும் சோயா, மக்காச்சோளம், பருத்திவிதைப் பொருள்கள் எந்த நாட்டில் விளைந்தவை? மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் உங்களிடம் உண்டா? உண்டு என்றால் அதன் நகலை அனுப்பவும். மரபணு மாற்றம் உண்டு என்றால் லேபிளில் ஏன் இல்லை?"

பதில் வர இரண்டு வாரம் பொறுங்கள். வந்த பதிலையும், வராவிட்டால் அனுப்பிய மின்னஞ்சலையும் அச்செடுத்துப் புகாரோடு சேர்த்து வையுங்கள், ஒரு நகலை உங்கள் கடைக்காரரிடமும் கொடுங்கள். அடுத்த தடவை விநியோகஸ்தர் வண்டி வந்து நிற்கும்போது கேட்பதற்கு எங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.